தொண்ணூற்று நாலு சதவீத டகோட்டா

ஜூன் 5, திங்கள்

காலை ஒன்பது ஐம்பதுக்குப் புஷ்பாவின் விமானம். வாசலுக்கு மேல் நம்மை விடமாட்டார்கள் என்பதால் ஆறரை மணிக்கே அவளை உள்ளே அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சென்னை விமான நிலையத்துக்குப் பின்பக்கம் பொழிச்சலூரில் இருப்பதில் இது ஒரு சௌகரியம். மற்றபடி காது போவதுதான் மிச்சம்.

பத்து மணி சுமாருக்கு மாடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய விமானம் தலைக்கு மேலே போனது. துண்டை இரண்டு மூன்று தடவை பெரிதாக உதறினேன். துண்டு ஈரமாக இல்லை என்பது உண்மைதான். அவளுக்குக் கொடுத்திருந்தது நடு சீட்டு என்பதும் பிறகுதான் ஞாபகம் வந்தது.

மகள் நித்திலாவுக்கு இது ஏழாம் மாதம். அமெரிக்காவில், ஒஹையோவில், டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். துணைக்கு அம்மா போகிறாள். விசாவுக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் தாயார் பெயர் மட்டும் இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமல்லவா, அதனால்தான் இருக்கும். ஜனவரியில் என் பாஸ்போர்ட்டையும் புதுப்பித்து வைத்தேன். காலாவதியான காகிதத்தை வீட்டில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது.

பாலிடெக்னிக்கில் வேலை பார்த்த காலத்து ரெக்கார்ட் நோட்டு ஒன்று காலியாகக் கிடந்தது. ஆறு மாதம் தனியாக இருக்கப்போகிறோம், தேதி போட்டு எழுதி வைப்போம் என்று ஆரம்பித்திருக்கிறேன். இடது பக்கம் கோடில்லாத தாள், படம் வரைய. வரைய எதுவும் இல்லை.

ஜூன் 9

ரசம் வைத்தேன். ரசம் என்று நான் சொன்னால்தான் தெரியும்.

ஜூன் 14

புஷ்பா தினமும் மாலை ஏழரைக்குக் கூப்பிடுகிறாள். அங்கே காலை பத்து மணி. பால்காரர் வந்தாரா, மோட்டார் போட்டீர்களா, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஆமாம்.

"நித்திலா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னா."

வீடியோவில் எனக்குத் தெரிவது ஒரு ஜன்னல், ஒரு கட்டிலின் கால்மாடு, போர்வைக்குள்ளே இரண்டு பாதங்கள். மகள் என்னிடம் பேசி எத்தனை நாள் என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. கல்யாணத்தில் பேசினாள். "போட்டோவுக்கு நிக்கணும், வாங்க" என்றாள்.

ஜூன் 20

இன்று புஷ்பா நாலாவதாக ஒன்று கேட்டாள்.

"அவளுக்கு ரொம்ப போர் அடிக்குதுங்க. படுத்துக்கினே எவ்ளோ நேரம்தான் போனையே பாப்பா. நம்ம லாஃப்ட்ல அந்த ஏரோப்ளேன் பேப்பருங்க இருக்குதில்ல? றெக்கை அவ செய்யறதா இருந்துச்சே. அத அனுப்பி வைங்களேன்."

"அவளா கேட்டா?"

"நான் கேக்கறேன்னு வெச்சிக்கங்களேன்" என்றாள்.

ஜூன் 21

ஸ்டூல் போட்டு லாஃப்டில் ஏறினேன். ஏறக்கூடாது என்று புஷ்பா ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆறாவது இனமாக எழுதியிருக்கிறாள். சீட்டைத் திருப்பி வைத்துவிட்டு ஏறினேன்.

பெட்டி அப்படியே இருக்கிறது. உள்ளே டகோட்டா. இரண்டு எஞ்சின் வைத்த பழைய விமானம், மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலைத் தரையில் வைத்து உட்காரும். ஐம்பதில் ஒரு பங்கு. முழுக்கத் தாள்தான். தட்டையான தாளில் கணக்காக வரைந்து, வெட்டி, சுருட்டி ஒட்டினால் உருளை வரும், கூம்பு வரும், விமானத்தின் வயிறும் வரும். இதற்கு விரிப்புப் படம் என்று பெயர். முப்பத்தொரு வருஷம் பையன்களுக்கு நான் நடத்திய பாடம். நடத்தியதைச் செய்து பார்த்தவள் நித்திலா ஒருத்திதான். ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவளுமாகப் பதினேழு விமானம் செய்தோம். பதினெட்டாவதாகத்தான் டகோட்டா. நான் உடம்பு, அவள் றெக்கை என்று பேச்சு. உடம்பை முடித்து, பக்கத்துக்கு ஒன்றாக எண்பது மில்லிமீட்டரில் இரண்டு துளை விட்டு வைத்தேன். றெக்கை உடம்போடு சேரும் ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு துண்டு இருக்கும். அது அந்தத் துளைக்குள் போய் உட்கார வேண்டும்.

துளை பதினாலு வருஷமாகக் காலியாக இருக்கிறது. மற்ற பதினேழையும் அவள் 2009இல் பழைய பேப்பர்காரரின் சாக்கில் போட்டாள். இந்த உடம்பு அப்போது என் மேஜை மேல் இருந்ததால் தப்பியது.

ஜூன் 22

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் றெக்கைக்கான நாலு ஷீட்டையும் ஸ்கேன் செய்தேன். கடை பர்வீனுடையது. கெட்டிக்காரப் பெண், ஆனால் எல்லாவற்றையும் "சட்டுனு" செய்வாள்.

"சார், கீழ ஓரமா ஒரே டீக்கறை. ஒரு கோடுதான் இருக்குது அங்க. கட் பண்ணிடவா?"

அழுக்கு ஷீட் அனுப்புவது எனக்கு ஆகாது. பதினாலு வருஷம் கழித்துப் போகிற தாள் கறையோடு போகக்கூடாது. கட் பண்ணச் சொன்னேன். தாள் அதே ஏ4 தான், கறை இருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று வந்தது. பார்க்கத் திருப்தியாக இருந்தது.

கூடவே, எப்படிச் செய்ய வேண்டும் என்று பதினாலு குறிப்பு எழுதிப் புஷ்பாவின் போனுக்கு அனுப்பினேன்.

ஜூன் 23

புஷ்பா சொன்னாள்: "அதெல்லாம் அவளுக்குத் தெரியுமாம்."

ஜூன் 30

மாப்பிள்ளை ஆபீசில் நல்ல கனமான தாளில் பிரிண்ட் எடுத்து வந்துவிட்டாராம். வயிற்றுக்குப் பக்கத்தில் தலையணையை நிறுத்தி, அதன் மேல் பலகை வைத்து வெட்டுகிறாளாம்.

"உங்கள மாதிரியே நாக்க மடிச்சிக்கினு வெட்டறா" என்று புஷ்பா சிரித்தாள். நான் நாக்கை மடித்து வெட்டுகிறேன் என்று இத்தனை வருஷமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. இன்று கண்ணாடி முன்னால் ஒரு தாளை வெட்டிப் பார்த்தேன். உண்மைதான்.

ஜூலை 8, சனி

இதை எழுதி வைப்பது நல்லது. நித்திலா ஏன் என்னோடு பேசுவதில்லை என்று புஷ்பா ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி சொல்லி வைத்திருக்கிறாள்.

நித்திலா நான் வேலை பார்த்த பாலிடெக்னிக்கிலேயே சேர்ந்தாள். முதல் நாளே சொல்லிவிட்டேன், இங்கே அப்பா கிடையாது, சார் என்று. அதுவரைக்கும் என்னை நீ, வா, போ என்று பேசியவள். கேட்டைத் தாண்டினால் "நீங்க சார்" என்பாள், பஸ்ஸில் ஏறினதும் "பசிக்குதுப்பா, எதுனா வாங்கிக் குடு" என்பாள்.

கடைசி வருஷ டிராயிங் பரீட்சை. டிப்ளமோ முடித்து நேராக விமானப் பொறியியல் இரண்டாம் வருஷத்தில் சேர வேண்டும் என்பது அவள் திட்டம். பிரின்சிபால், "உங்க பொண்ணு பேப்பர வேற யாராவது திருத்தட்டுமே சார்" என்றார். எனக்கு எல்லாம் ஒன்றுதான், நானே திருத்துகிறேன் என்றேன். படம் அருமையாகப் போட்டிருந்தாள். ஆனால் பெரிய கேள்வியில் ஷீட்டின் ஓரத்தில் அளவு எழுத மறந்துவிட்டாள். எத்தனையில் ஒரு பங்கு என்று சொல்லாத படம் படமே இல்லை. அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். மொத்தம் முப்பத்தெட்டு. தேற நாற்பது வேண்டும்.

ஒரு வருஷம் போனது. அக்டோபரில் மறுபடி எழுதித் தொண்ணூற்றொன்று வாங்கினாள். ஆனால் விமானப் பக்கமே போகவில்லை, கம்ப்யூட்டர் படித்தாள். அது அவள் எடுத்த முடிவு. ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டிலும் என்னை "நீங்க" என்றாள். பிறகு அதுவும் குறைந்து போனது.

விதி என்றால் எல்லாருக்கும் விதி. அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 15

டகோட்டாவின் மூக்கில் பூச்சி அரித்த இடத்தைச் சரி செய்தேன். இரண்டு மணி நேரம். பேசுவதற்கு ஆள் இல்லாததால் குக்கரிடம் "இரு, வரேன்" என்றேன். மூன்று விசில் முடிந்திருந்தது, அதுவும் பேசவில்லை.

வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. இரண்டு அறைதான். இருந்தாலும் பெரிதாக இருக்கிறது.

ஜூலை 27

றெக்கை முடிந்துவிட்டது. வீடியோவில் காட்டினார்கள். காட்டியது நித்திலாவின் கை, முழங்கை வரைக்கும் தெரிந்தது. றெக்கையைத் திருப்பி மேல்பக்கம், அடிப்பக்கம், ஓரம் எல்லாம் காட்டினாள். ஒட்டின இடம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. சின்னப் பெண்ணாக இருந்தபோது அதை உரித்துக்கொண்டே பாடம் படிப்பாள்.

"நல்லா வந்திருக்கு" என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "ரொம்ப வளைக்காம வைக்கச் சொல்லு" என்றேன்.

ஆகஸ்ட் 4

பேத்தி பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ, இருவரும் நலம். மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு பர்வீன் கடைக்குப் போய் ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டு, "பேத்தி உங்க ஜாடையா சார்?" என்று கேட்டாள். தெரியவில்லை, கண் மூடியிருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்காகக் குரோம்பேட்டை வந்திருக்கிறார். றெக்கைப் பெட்டி அவர் கையில் வந்தது. பஸ்ஸில் யாரும் இடிக்கக்கூடாது என்று பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர், "இன்னா சார், கேக்கா?" என்றார்.

இன்று பிரிக்கப்போவதில்லை. நாளைக் காலை வெளிச்சத்தில்.

ஆகஸ்ட் 7

பொருந்தவில்லை.

துளை எண்பது. றெக்கையின் நாக்கு எழுபத்தைந்து. உள்ளே வைத்தால் கடகடவென்று ஆடுகிறது. றெக்கையின் நீளம் இருநூற்று அறுபத்தைந்து இருக்க வேண்டும், இருநூற்று நாற்பத்தொன்பதுதான் இருக்கிறது. இரண்டு றெக்கையும் அப்படியே. இவ்வளவு அழகாகச் செய்துவிட்டு அடிப்படையில் கோட்டை விடுவதா என்று கோபம் கோபமாக வந்தது.

மாலை ஏழரைக்குப் போன் வந்தது.

"ஒட்டிச்சாங்க? காலைலேர்ந்து கேட்டுக்கினே கீறா" என்றாள் புஷ்பா.

"அளவு சரியில்ல" என்றேன்.

முப்பத்தொரு வருஷம் சொல்லிப் பழகிய வார்த்தை. யோசிக்காமல் வந்துவிட்டது. ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது, கட்டில் கிறீச்சிட்டது. புஷ்பா தாழ்ந்த குரலில், "மூணு நாள் ஆச்சுங்க புள்ள பெத்து" என்றாள். கட் செய்துவிட்டாள்.

ஆகஸ்ட் 8

நேற்று சாப்பிடவில்லை. காலையில் மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன்.

உள்ளே வைத்திருக்கும் குறுக்குச் சட்டம் முப்பதுக்கு இருபத்தெட்டே கால் இருக்கிறது. நாக்கு, நீளம், அகலம், சின்ன மடிப்பு என்று இருபத்திரண்டு இடம் அளந்து வகுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே விகிதம். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. ஒரு இடத்தில்கூடக் கூடவோ குறையவோ இல்லை.

தப்பு இவ்வளவு ஒழுங்காக வராது.

ஆகஸ்ட் 10

பர்வீன் கடைக்குப் போய், எனக்காக அந்த நாலு ஷீட்டையும் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடு என்றேன். கம்ப்யூட்டரில் எதையோ தட்டியபடி கேட்டாள்.

"ஆக்சுவல் சைஸா, ஃபிட் டு பேஜா சார்?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணு இருக்கறது இருக்கற மாதிரியே வரும். இன்னொண்ணு பேப்பருக்குத் தகுந்த மாதிரி சுருக்கிக்கும். இங்க ஏ4 தானே, ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். அமெரிக்கா பேப்பர்னா சின்னதாய்டும்."

"அமெரிக்கா பேப்பர் வேறயா?"

"ஆமா சார். லெட்டர் சைஸ்னு வெச்சிருக்காங்க. உசரம் கம்மி."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் தாளின் உயரம் இருநூற்றுத் தொண்ணூற்றேழு. அவர்களுடையது இருநூற்று எழுபத்தொன்பது. வகுத்தால் தொண்ணூற்று நாலு சதவீதம். மாப்பிள்ளை ஆபீஸ் பிரிண்டர் தாளுக்குள் அடங்கட்டும் என்று படத்தைச் சுருக்கியிருக்கிறது. நித்திலா தன் கையில் வந்த கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் வெட்டியிருக்கிறாள்.

ஆனால் இதற்கு ஒரு காப்பு உண்டே. ஷீட்டின் அடியில் நூறு மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு வைப்போம். யார் எங்கே பிரிண்ட் எடுத்தாலும் முதலில் அந்தக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். நூறு இருந்தால் சரி. நூறு இல்லையென்றால் மறுபடி எடுக்க வேண்டும். இது முதல் பாடம். அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் வரைந்த எல்லா ஷீட்டிலும் அந்தக் கோடு இருக்கும்.

"ஏன் சார் ஒரு மாதிரி ஆய்ட்டீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் பர்வீன்.

டீக்கறையோடு கட் பண்ணச் சொன்னது அந்தக் கோட்டைத்தான்.

ஆகஸ்ட் 11

அளவு போடாத ஷீட்டை அனுப்பினது நான். அளவு சரியில்லை என்று சொன்னதும் நான்.

ஆகஸ்ட் 12

போன் செய்தேன். புஷ்பா எடுத்தாள். நித்திலா தூங்குகிறாள் என்றாள். பின்னால் நித்திலா குழந்தையைக் கொஞ்சுகிற குரல் கேட்டது. சரி, தூங்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13

தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 14

தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 16

றெக்கையைத் திரும்பச் செய் என்று அனுப்பலாம். நாக்கில் அட்டை வைத்துத் தடிமனாக்கிச் சமாளிக்கவும் செய்யலாம். சமாளித்தால் உடம்பு பெரிதாகவும் றெக்கை சின்னதாகவும் இருக்கும், பார்க்கிறவர்கள் றெக்கையைத்தான் குறை சொல்வார்கள்.

பர்வீனிடம் உடம்பின் பதினோரு ஷீட்டையும் கொண்டுபோய்த் தொண்ணூற்று நாலு சதவீதத்தில் பிரிண்ட் போடச் சொன்னேன்.

"சுருக்கணுமா சார்? நீங்க எப்பவும் கரெக்ட் சைஸ்தானே கேப்பீங்க?"

"இதுதான் கரெக்ட் சைஸ்" என்றேன்.

ஆகஸ்ட் 25

கை முன்போல இல்லை. ஜன்னல் சட்டம் வெட்டும்போது பிளேடு வழுக்கிவிட்டது, கட்டை விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன். 2009இல் ஒன்பது நாளில் முடித்த உடம்பு. இப்போது ஒன்பது நாளில் மூக்கு மட்டும்தான் முடிந்திருக்கிறது. பகலில் பத்திலிருந்து நாலு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது, அந்த நேரத்தில் மட்டும் செய்கிறேன். நாக்கை மடித்துக்கொள்கிறேனா என்று அடிக்கடி கவனிக்கிறேன்.

செப்டம்பர் 2

சமையல்: தயிர் சாதம். நேற்றும் அதே. வாலும் முடிந்தது.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். பழைய மாணவர்கள் இருபது முப்பது பேர் வாழ்த்து அனுப்புவார்கள். வழக்கம்போல முதலில் வந்தது கிருபாகரனுடையது. ஓசூரில் பெரிய வேலையில் இருக்கிறான். "நீங்க இல்லன்னா நான் இல்ல சார்" என்று ஒவ்வொரு வருஷமும் எழுதுவான்.

அதை வாசித்துவிட்டு ஜூலை 8ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். விதி என்றால் எல்லாருக்கும் விதி என்று எழுதியிருக்கிறேன். நோட்டில் பொய் எழுதினால் யாரை ஏமாற்றுகிறேன்? அதனால் இதையும் எழுதுகிறேன்.

2009இல் அதே பரீட்சையில், அதே விடைத்தாள் கட்டுக்குள், கிருபாகரனும் அளவு எழுதவில்லை. அவனுக்கு வந்தது முப்பத்தேழு. வீட்டு நிலைமை சரியில்லாத பையன், ஒரு வருஷம் வீணாக வேண்டாம் என்று மூன்று மார்க் போட்டுத் தேற்றிவிட்டேன். அடுத்த பேப்பர் நித்திலாவுடையது. முப்பத்தெட்டு. இரண்டு மார்க் போட்டிருந்தால் போதும். பேனாவை எடுத்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை, அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். மகளுக்கு மார்க் போட்டான் என்று பேர் வந்துவிடுமோ என்கிற பயம். அதற்கு நேர்மை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

என் பேருக்காக என் பெண்ணின் ஒரு வருஷத்தை எடுத்தேன். அவள் பறக்க ஆசைப்பட்ட வருஷத்தை.

செப்டம்பர் 8

உடம்பு முடிந்தது. றெக்கையை வைத்தேன். நாக்கு துளைக்குள் போய்ச் சின்னதாக ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. பசையே வேண்டாம் போலிருந்தது. ஆனாலும் தடவினேன்.

பழைய உடம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதியது சின்னது என்று தெரிகிறது. தனியாக வைத்தால் தெரியவில்லை.

பதினாலு வருஷத்துக்குப் பிறகு டகோட்டா மேஜை மேல் மூக்கைத் தூக்கி நிற்கிறது. காட்டுவதற்கு வீட்டில் ஒரு ஆள் இல்லை. கொஞ்சம் அழுதேன். வயதாகிவிட்டது.

செப்டம்பர் 9

இரண்டு போட்டோ எடுத்து, புஷ்பாவுக்கு இல்லாமல் நேராக நித்திலாவின் நம்பருக்கு அனுப்பினேன். ஒன்று டகோட்டா. இன்னொன்று, டீக்கறையை வெட்டிவிட்டு நான் அனுப்பின ஷீட். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: "அளவு குறிக்கப்படவில்லை. 0." கீழே என் கையெழுத்து, த. தணிகாசலம்.

இரண்டு நீல டிக் விழுந்தது. வேறொன்றும் வரவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஏழரைக்குப் போன். புஷ்பா என்று நினைத்து, "மோட்டார் போட்டாச்சு, மாத்திரை சாப்ட்டாச்சு" என்றேன்.

"நான் நித்திலா."

உட்கார்ந்துகொண்டேன்.

"உடம்ப திரும்பப் பண்ணீங்களா?"

"ஆமாம்மா. தொண்ணூத்து நாலு பர்சன்ட்ல."

"எதுக்கு? றெக்கையத் திரும்பப் பண்ணச் சொல்லியிருந்தா பண்ணியிருப்பேனே."

"றெக்கை சரியாத்தான் இருந்தது. அளவுக்கோட்ட வெட்டி அனுப்பினது நான். அன்னிக்கு யோசிக்காம பேசிட்டேன்."

குழந்தை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. இப்போது விட்டால் மறுபடி சொல்ல வராது என்று தோன்றியது.

"இன்னொண்ணு சொல்லணும். அந்த வருஷம் உன் கிளாஸ்ல ஒரு பையனுக்கு, அவனும் அளவு எழுதல, முப்பத்தேழுதான், நான் மூணு மார்க்..."

"கிருபா."

"தெரியுமா உனக்கு?"

"ரிசல்ட் அன்னிக்கே தெரியும். அவனே வந்து சொல்லி அழுதான், எனக்குப் போட்டாரு, உனக்கு ஏன் போடலன்னு. மார்க் போடலன்னுகூட எனக்குக் கோவம் இல்ல. வீட்டுக்கு வந்து ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொன்னீங்க பாருங்க. அதான். என்னிக்காவது நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். பதினாலு வருஷம்."

"தப்புதாம்மா" என்றேன். மேலே ஒரு விமானம் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இன்னும் அதே சத்தமா?" என்றாள்.

"இப்ப ஜாஸ்தி."

"அளவு போடாத ஷீட்டுக்கு எவ்ளோ சார் மார்க்?"

"ஜீரோ."

"அந்தக் கேள்விக்குத்தானே ஜீரோ. மத்ததுக்கெல்லாம் போடணுமில்ல." மனக்கணக்குப் போடுகிறவள் மாதிரி முணுமுணுத்தாள். "முப்பத்தெட்டு தரேன்."

"ஃபெயிலா?"

"ரெண்டு மார்க்ல."

"தேத்தி விடக்கூடாதா?"

"என் அப்பா பேப்பரு. நான் எப்படிப் போடறது? ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க." பின்னால் புஷ்பா சிரிப்பது கேட்டது. ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள். "அரியர் எழுதுங்க."

"எப்போ?"

"டிசம்பர்ல. அம்மா கிளம்பறதுக்குள்ள இங்க யாராவது வந்தாகணும், பாப்பாவப் பாத்துக்க ஆள் இல்ல. சென்டர் இங்கதான். லெட்டர் அனுப்பறேன்." குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிறாள் போலிருக்கிறது, அந்தச் சத்தம் மட்டும் வந்தது. "பாஸ்போர்ட் இருக்காப்பா உன்கிட்ட?"

இருக்கு, ஜனவரியிலேயே புதுப்பித்துவிட்டேன் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.